ஏழாவது பாட்டுக்கு முன்னால் பிள்ளையார்

பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவன் நான். பயப்படுவதில் மட்டும் மேல்படிப்பு முடித்திருக்கிறேன். சென்னீர்குப்பத்தில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறேன். ஸ்பீக்கர் விழுமோ, கரண்டு போகுமோ, போன கரண்டு கூடுதலாக வந்துவிடுமோ என்று ஒரு நாளைக்கு நாற்பது கவலை. (கவலைப்பட வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிடுவேன். அதுதான் இந்தக் கதை.)

மூன்று வருடத்துக்கு முன்னால் முகப்பேரில் ஒரு கல்யாண வரவேற்பு. பெண் நிவேதா, கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். அவள் அப்பா அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். "இதை நல்லா பண்ணிட்டீங்கன்னா பொங்கல், ஆண்டு விழா எல்லாம் உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். அதுவரை காதுகுத்தையும் கூழ் ஊற்றுவதையும் தாண்டாதவன் நான். தூக்கம் போயிற்று.

நிவேதா ஒரு பென்டிரைவைக் கொடுத்தாள். ஏதோ பழைய ஆங்கில இசைக்குழுவாம். அவர்கள் பாடியதிலேயே சூப்பர் ஹிட்டான இருபது பாட்டு. அப்பாவின் கேசட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்தாளாம்.

"அண்ணா, நாங்க உள்ள நடந்து வரும்போது ஏழாவது பாட்டு. மறந்துடாதீங்க, அது எங்க பாட்டு."

உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். இருபதையும் வீட்டில் போட்டுக் கேட்டேன். எல்லாமே ஒரே ஆள் பல்வலியோடு பாடுவதுபோல இருந்தது. என் மிக்சரிலும் பாட்டின் பெயர் வராது, எண்தான் வரும்.

அடுத்த கவலை பிள்ளையார். அவர் பாட்டைப் போடாமல் எந்த சவுண்டு சர்வீஸ்காரனும் செட்டைத் தொடங்க மாட்டான். அதை வேறு பென்டிரைவில் வைத்து, மாற்றும்போது டமார் என்று சத்தம் வந்தால்? அவசரத்தில் ஒன்று தொலைந்தால்? அதனால் கல்லூரியில் படிக்கும் என் மகளிடம் கொடுத்து, நிவேதாவின் பென்டிரைவிலேயே எல்லாவற்றுக்கும் முன்னால் பிள்ளையாரை ஏற்றச் சொன்னேன். (அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.)

வரவேற்பு மாலை. பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் வந்து நின்றார்கள். ஒத்தாசைக்கு வந்திருந்த என் மச்சான் ஏழுமலை கையைத் தூக்கினான். ஏழாம் எண்ணை அழுத்தினேன்.

குழைவான மெட்டு. முதல் வரியிலேயே மாப்பிள்ளையின் நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பாட்டு பிச்சிக்கினு போவுது மாமே! இன்னும் கொஞ்சம் ஏத்து!" என்றான் ஏழுமலை.

ஏற்றினேன். நிவேதாவின் அப்பா நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"யோவ், நிறுத்துய்யா! பொண்டாட்டிய விட்டுட்டுப் போறான்யா!"

"யாரு சார், மாப்ளையா?"

"பாடறவன்யா!"

அடுத்த பாட்டுக்குப் போயிருக்கலாம். எனக்கு அது தோன்றினால்தானே? பென்டிரைவையே பிடுங்கினேன். ஏழுமலை அதைப் பறித்து மறுபடி செருகினான். அது முதலிலிருந்து ஆரம்பித்தது. நாதஸ்வரத்தோடு, முழுச் சத்தத்தில், பிள்ளையார் வந்தார். பெரியவர்கள் கைகூப்பி எழுந்தார்கள். ஒரு மாமி செருப்பைக் கழற்றினார். பாதி வழியில் நின்ற மாப்பிள்ளை, கோட்டு சூட்டோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் மிக்சரில் ஒன்று என்ற எண் எரிவதைப் பார்த்தேன்.

"இன்னா மாமே, பேஜார் பண்ட்டியே! புள்ளையாரு முன்னால குந்திக்கினா, மத்தவன்லாம் ஒரு சீட்டு தள்ளித்தானே குந்துவான்?" என்றான் ஏழுமலை. (எல்லாம் முடிந்த பிறகு அவனுக்கு வரும் தெளிவு யாருக்கும் வராது.)

நிவேதா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். மைக் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அது மறைக்கிற உடம்பா என்னுடையது? அவள் கண்ணில் தண்ணீர். அழுகையா சிரிப்பா, இன்றுவரை தெரியாது.

"அண்ணா, நாங்க திரும்ப வாசலுக்குப் போய் வரோம். எட்டு போடுங்க."

போட்டேன். வந்தார்கள். கைதட்டல் கூரையைத் தொட்டது. ஆனாலும் சங்கத்து விழாக்களுக்கு அவள் அப்பா வேறு ஆளைப் பிடித்துவிட்டார். மாப்பிள்ளையின் நண்பர்கள் இரண்டு பேர் தங்கள் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள், அதே தப்பை அப்படியே செய்யச் சொல்லி.

வீட்டில் மகள் அந்தப் பாட்டுக்கு அர்த்தம் சொன்னாள். பெட்டி கட்டியாகிவிட்டது, சாவி மேஜைமேல் இருக்கிறது, நாயை நீயே வைத்துக்கொள் என்று பாடுகிறானாம். என் மனைவி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். பூந்தமல்லி மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று சொல்கிறாள்:

"சாவி மேஜ மேல கீது. நாய நீயே வெச்சிக்க."

எங்கள் வீட்டில் நாய் கிடையாது. இருந்தாலும், அவள் காய்கறிப் பையோடு திரும்பி வரும்வரை எனக்குக் கொஞ்சம் பதற்றமாகத்தான் இருக்கிறது.