சடையப்பக் கரடியும் ஆறாம் எண்ணும்

தலை உண்டு, கண் இல்லை. கழுத்தைத் திருகினால் பல் வெளியே வரும். திருப்பித் திருகினால் உள்ளே போகும். தின்பது முடி, துப்புவது நுரை. அது என்ன?

விடை தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிடாமல் கொஞ்சம் பொறுத்திருங்கள். தெரியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். கரடிக்கும் அப்போது தெரியாது.

ஒரு காட்டில் சடையப்பர் என்று ஒரு கரடி இருந்தார். அவருக்குப் பொம்மி என்று ஒரு மகள். பொம்மியின் அம்மா தன் தங்கையின் பிரசவத்துக்காக மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தாள். மழைக்காலம் முடிந்துதான் வருவாள். அதுவரை மகளைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் பொறுப்பு. பொம்மியைப் பார்த்துக்கொள்வதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. பசித்தால் தேன் கேட்பாள். தூக்கம் வந்தால் அப்பாவின் கன்னத்து முடிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு தூங்கிவிடுவாள்.

தேனில்தான் சிக்கல் வந்தது.

அந்தக் காட்டில் மழைக்காலத் தேனைக் கூட்டுறவு அங்காடியில் கொடுப்பார்கள். அங்காடியைப் பார்த்துக்கொள்ளும் மந்தியம்மா, போன வருஷம்வரை, வருகிறவரை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுப் பானையை நீட்டிவிடுவாள். இந்த வருஷம் அடையாள அட்டை வந்துவிட்டது. அட்டை இருந்தால்தான் தேன். அட்டை வேண்டுமென்றால் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து படம் எடுக்க வேண்டும்.

சடையப்பர் வரிசையில் நின்றார். முறை வந்ததும் முக்காலியில் உட்கார்ந்தார். இயந்திரம் அவரை மேலும் கீழும் பார்த்தது.

"முகம் இல்லை," என்றது.

"என்னம்மா இப்படிச் சொல்லுது?" என்று சடையப்பர் மந்தியம்மாவைக் கேட்டார்.

"கண்ணுக்குக் கீழே எதையோ தேடுதுண்ணே. உங்களுக்கு அங்கேயும் முடிதான் இருக்கு."

"உனக்கு என்னைத் தெரியுதா, இல்லையா?"

"தெரியாம என்ன? என் கல்யாணத்துல பந்தி பரிமாறினதே நீங்கதானே. ஆனா எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? இதுக்குல்ல தெரியணும்." மந்தியம்மா இயந்திரத்தின் தலையில் தட்டினாள். "வர்ற சந்தை வரைக்கும்தான் இது இங்க இருக்கும். அப்புறம் அடுத்த காட்டுக்குப் போயிரும். அதுக்குள்ள முகத்தோட வாங்கண்ணே."

வரிசையில் பின்னால் நின்றுகொண்டிருந்த யானையார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆறுமுகம் வாங்கிருங்க, சடையப்பரே," என்றார்.

ஆறுமுகம் என்பது ஒரு ரேஸர். அதுதான் விடை. கைப்பிடியின் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும். அதில் ஒன்றிலிருந்து ஆறு வரை எண்கள். ஒன்றில் வைத்தால் பிளேடு மூக்கை மட்டும் நீட்டும். ஆறில் வைத்தால் முழு முகத்தையும் காட்டும். அந்தக் காட்டில் அதற்கு இருந்த பேர் வேறு எதற்கும் இல்லை. வழியில் சந்தித்துக்கொண்டால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதையே விட்டுவிட்டார்கள். "எத்தனைல வழிக்கிறீங்க?" என்றுதான் கேட்டார்கள். எல்லாரும் "ஆறு" என்றுதான் சொன்னார்கள். ஐந்து என்று சொன்ன ஒரு காட்டாட்டைப் பற்றி நெடுநாள் பேசிக்கொண்டார்கள்.

"நீங்க எத்தனைல வழிக்கிறீங்க?" என்று சடையப்பர் யானையாரைக் கேட்டார்.

"ஆறுல," என்றார் யானையார். யானைக்கு முகத்தில் வழிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கும் அளவுக்குச் சடையப்பர் மரியாதை கெட்டவர் அல்ல.

நரி அண்ணாச்சியின் கடையில் அது சிவப்புத் துணி விரித்த பெட்டிக்குள் படுத்திருந்தது. கையில் எடுத்தால் நல்ல கனம். திருகினால் "டிக், டிக்" என்று மணியான சத்தம். சடையப்பர் வீட்டில் மிச்சமிருந்த கடைசித் தேனடையைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். தேன் வாங்குவதற்காகத் தேனைக் கொடுத்தோமே என்று பாதி வழியில் தோன்றியது. பெட்டியைத் திறந்து ஒருமுறை பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

ஆற்று நண்டு வந்து நீள முடியைக் கொடுக்கால் நறுக்கிக் கொடுத்தது. பொம்மி அதை ஒரு இழைகூட விடாமல் கூட்டிக் குகையின் மூலையில் குவித்து வைத்தாள். சடையப்பர் சோப்பை நுரைக்கத் தேய்த்தார். வளையத்தை ஆறில் வைத்தார். ஒரே இழுப்பு.

முடி வந்தது. கூடவே கொஞ்சம் கன்னமும் வந்தது.

மறுநாள் அவர் முகம் முழுக்கப் பச்சிலை ஒட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"முகம் இல்லை," என்றது இயந்திரம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "செடி இருக்கிறது," என்றது.

அங்கிருந்து நேராக நரி அண்ணாச்சியின் கடைக்குப் போனார். அண்ணாச்சி கோபித்துக்கொள்ளவில்லை. பச்சிலையை விலக்கிப் பார்த்தார்.

"எத்தனைல வச்சீங்க?"

"ஆறுல."

"ஆறுலயா? உங்களை யாரு ஆறுல வைக்கச் சொன்னது?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும் சொன்னா எல்லார் கிட்டயும் போய்க் கேளுங்க. என்கிட்ட கேட்டா ஒண்ணுல வைக்கச் சொல்லுவேன்."

காயம் ஆறியதும் சடையப்பர் ஒன்றில் வைத்தார். ஆறுமுகம் அவருடைய கன்னத்தை மேலிருந்து கீழே அன்பாகத் தடவிக்கொடுத்தது. திரும்பவும் மேலிருந்து கீழே தடவிக்கொடுத்தது. முடி இருந்த இடத்திலேயே இருந்தது. பொம்மி பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் தடவுப்பா," என்றாள்.

சடையப்பர் மறுபடி கடைக்குப் போனார்.

"அண்ணாச்சி, இந்தச் சாமானுக்கு இருக்கிற பேருக்கும் இது செய்யற வேலைக்கும் பொருத்தமே இல்லை."

"ஏன் இல்லை? ஆறுல வச்சீங்க, வெட்டுச்சு. ஒண்ணுல வச்சீங்க, வெட்டலை. சொன்னபடிதானே நடந்திருக்கு? இவ்வளவு நேர்மையான சாமானை நான் இதுவரைக்கும் கடையில வச்சதே இல்லை."

சடையப்பர் யோசித்துப் பார்த்தார். அதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"அப்ப எத்தனைலதான் வைக்கணும்?"

"அது உங்க முகத்தைப் பொறுத்தது. உங்க முகம் எப்படி?"

"அதை நான் இன்னும் பார்த்ததே இல்லையே, அண்ணாச்சி."

"அப்ப நாலுல வச்சுப் பாருங்க," என்றார் நரி. எதற்கு நாலு என்று சடையப்பர் கேட்கவில்லை. அண்ணாச்சியும் அதைக் கேட்கமாட்டார் என்றுதான் நினைத்திருப்பார்.

மறுநாள் சந்தை. அதற்கு அடுத்த நாள் இயந்திரம் இருக்காது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. பொம்மி காலையிலேயே காலித் தேன்பானைக்குள் தலையைவிட்டு நக்கிக்கொண்டிருந்தாள். பானைக்குள்ளிருந்து, "அப்பா, இதுல மணம் மட்டும்தான் இருக்கு," என்று அவள் குரல் வந்தது.

சடையப்பர் வளையத்தை நாலில் வைத்தார். ரேஸரைப் பாறைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் மொண்டுவரப் போனார். திரும்பி வரும்போது "டிக், டிக்" என்று சத்தம் கேட்டது. பறவை ஏதோ என்று நினைத்துக்கொண்டார். சோப்பைப் பூசி, பயத்தில் கண்களை இறுக மூடிக்கொண்டு வழிக்க ஆரம்பித்தார்.

எரியவில்லை. இழுக்கவில்லை. நெய்யில் கத்தி போவதைப் போலப் போனது. கன்னம், தாடை, மூக்குக்குக் கீழே இருக்கும் சின்னக் குழி, எல்லாம் வழுவழுவென்று ஆனது. தடவிப் பார்த்தால் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி இருந்தது. குனிந்து தண்ணீரைப் பார்த்தார். அங்கே ஒரு ஒல்லி முகத்துக்காரர் நின்றிருந்தார். வணக்கம் சொல்லக் கையைத் தூக்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

உடனே வளையத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். ரேஸர் பொம்மியின் கையில் இருந்தது. டிக், டிக்.

"பொம்மி, அப்பா இல்லாதப்ப இதைத் திருகினியா?"

"திருகினேன்," என்றாள் பொம்மி. வளையத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எத்தனைல விட்ட?"

"எத்தனைன்னு பார்க்கலை. சத்தம் நல்லா இருந்த இடத்துல விட்டேன்."

"அது எந்த இடம்?"

"இப்ப வேற இடம் நல்லா இருக்குப்பா."

அதற்குமேல் கேட்க நேரமில்லை. சடையப்பர் அங்காடிக்கு ஓடினார். முக்காலியில் உட்கார்ந்தார்.

"முகம் இருக்கிறது," என்றது இயந்திரம். அட்டை வந்து விழுந்தது.

"யாருங்க நீங்க?" என்றாள் மந்தியம்மா. பிறகு எழுந்து வந்து ஒருமுறை மோந்து பார்த்தாள். "அட, அண்ணே," என்று சொல்லிப் பானையை எடுத்துக் கொடுத்தாள்.

வரிசை மொத்தமும் சடையப்பரைச் சூழ்ந்துகொண்டது. அவருக்குப் பின்னால் நின்ற முள்ளம்பன்றிக்கு முகம் இல்லை என்று அன்று காலையில்தான் இயந்திரம் சொல்லியிருந்தது. அது பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டது.

"மாமா, எனக்கும் வீட்டுல குட்டிங்க இருக்கு. உண்மையைச் சொல்லுங்க. எத்தனைல வழிச்சீங்க?"

தெரியாது என்று சொல்லத்தான் சடையப்பர் வாயைத் திறந்தார். ஆறில் வைக்காதே, ஒன்றிலும் வைக்காதே, நடுவில் எங்கோ ஒரு நல்ல இடம் இருக்கிறது, அதை என் மகள் காதால் கண்டுபிடித்தாள், பிறகு மறந்துவிட்டாள் என்றெல்லாம் சொல்லவேண்டியிருந்தது. அதற்குள் யானையார் தும்பிக்கையை அவர் தோளில் போட்டார்.

"இதென்ன கேள்வி? ஆறுலதான். இல்லையா, சடையப்பரே?"

வரிசையில் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். காட்டாடுகூடப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆறு," என்றார் சடையப்பர்.

முள்ளம்பன்றி நன்றி சொல்லிவிட்டு நரி அண்ணாச்சியின் கடைப்பக்கம் நடந்தது. சடையப்பர் அதன் முதுகைக் கொஞ்ச தூரம் பார்த்தார். பிறகு பானையைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

குகைக்குள் நுழையும்போது முதல் தூறல் விழுந்தது. பொம்மி அப்போதுதான் அவருடைய முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அப்பா எங்க?" என்றாள்.

"நான்தாண்டி அப்பா."

"குரல் அப்பாதான்," என்று ஒத்துக்கொண்டாள். தேனைக் கையில் எடுத்துக் கொடுத்தார். தின்றாள். விரலையும் நக்கிவிட்டாள். வெளியே மழை வலுத்தது. அவளுக்குக் கண் சொருகியது.

சடையப்பர் சாய்ந்து உட்கார்ந்து, எப்போதும்போலக் கன்னத்தைக் காட்டினார். "வா, படுத்துக்க."

பொம்மி வந்தாள். மூக்கை வைத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போனது. அடுத்த கன்னத்திலும் வைத்துப் பார்த்தாள். பிறகு குகையின் மூலையைப் பார்த்தாள். நண்டு நறுக்கிய முடியெல்லாம் அங்கே குவிந்து கிடந்தது.

"அங்கயா, இங்கயா?" என்றார் சடையப்பர்.

பொம்மி மூலைக்குப் போய், முடிக்குவியலுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

நீதி: பேர்பெற்ற ரேஸர் தன் பேரைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். உங்கள் பேரைக் காப்பாற்ற, எண் கேட்டால் ஆறு என்று சொல்லுங்கள். வழித்த முடியை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.