என் கேக் லைசென்சும் பெட்டிசன் ஓட்டி வந்த பசுவும்

தேனி மாவட்டத்தில் பெட்டிசன் கையெழுத்தைப் பார்க்காத அரசாங்க அலுவலகம் ஒன்றுகூடக் கிடையாது. மாட்டாஸ்பத்திரிகூடத் தப்பவில்லை. அவருடைய சொந்தப் பெயர் அவரைப் பெற்றவளுக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டுந்தான் தெரியும். எங்கள் தெருவுக்கு அவர் பெட்டிசன். உத்தமபாளையத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முப்பது வருசம் ஊராருக்கு மனு எழுதினவர். ஊருக்கு எழுதி ஓய்ந்த நேரத்தில் தனக்கும் எழுதிக்கொள்வார்.

தெருவிளக்கு வெளிச்சத்தால் தன் சேவல் நேரங்கெட்டுக் கூவுகிறது என்று மின்சார ஆபீசுக்கு எழுதினார். லோயர் கேம்ப் பவர் ஹவுசில் தண்ணீரைச் சத்தமில்லாமல் திறக்கவேண்டும் என்று எழுதினார். அங்கிருந்து எங்கள் தெருவுக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

"அந்தச் சத்தம் ஒங்க காதுக்கு எப்படிய்யா வந்துச்சு?" என்று கேட்டேன்.

"எனக்கு வரல மதினி. காதுக்கு வந்தவுக எழுத மாட்டேங்குறாக. அதான் நான் எழுதுறேன்" என்றார்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் கம்பத்திலிருந்து ஜீப் ஏறி ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போன காலத்தில், பங்களா அடுப்படியில் ஒரு மலையாளத்துச் சேச்சியிடம் கேக் சுடக் கற்றுக்கொண்டவள். என் திராட்சை கேக்கை ஒரு வாய் தின்றவர்கள் மறு வாய்க்குக் கை நீட்டாமல் போனதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குந்தான் சொல்கிறேன்.

கம்பத்தில் அந்தக் கேக்கை வாங்கி விற்ற கடைக்காரத் தம்பி ஒருநாள் சங்கடமாக நெளிந்தார்.

"ஆத்தா, ஒங்க கேக்குக்குச் சனம் அலையுது. ஆனா கவருல லைசென்சு நம்பர் இல்லாம இனிமே வைக்க முடியாது. ராயப்பன்பட்டிக்காரவுக கிறிஸ்மசுக்கு மொத்தமாச் சொல்லியிருக்காக. நம்பரக் கொண்டாந்தா பூராவும் ஒங்களுக்கு. இல்லேன்னா வெளியூருக் கேக்குதான்."

வெளியூருக் கேக்கா? அந்த மெத்தைப் பஞ்சையா? வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு, டைல்ஸ் ஒட்டி, கேக்குக்கென்றே தனி அடுப்படி கட்டினேன். ஆதாரை எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனேன். பெட்டிசனும் கூடவே வந்தார். நான் கூப்பிடவில்லை.

அங்கிருந்த பெண் போட்டோவை ஏற்றி, நாலு தட்டுத் தட்டி, டீ ஆறுவதற்குள் வேலையை முடித்துவிட்டாள்.

"அம்புட்டுத்தான் அப்பத்தா. சின்ன யாவாரந்தான, நேர்ல வந்தெல்லாம் பாக்க மாட்டாக. நம்பர் தானா வந்துரும்."

பெட்டிசன் முகம் செத்துவிட்டது. "மனு?" என்றார்.

"மனுவெல்லாம் வேணாம் தாத்தா."

"'உயர்திரு அய்யா அவர்களுக்கு'ன்னு ஒரு வரியாச்சும் போட்டியா?"

"ஆன்லைன்ல அய்யாவே கிடையாது தாத்தா."

பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் புலம்பினார். "அய்யாவே இல்லாத எடத்துல எவன் மதினி கையெழுத்துப் போடுவான்?" வீட்டுக்குப் போனவர் ஒன்பது பக்கம் எழுதி, உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். என் குலம், என் உழைப்பு, திராட்சையின் இனிப்பு எல்லாம் அதில் இருந்ததாம். அதோடு நிறுத்தினாரா? 'இவரது அடுப்படியின் சுத்தத்தைத் தாங்கள் நேரில் வந்து பாராமல் லைசென்ஸ் வழங்கினால் மேலிடத்துக்கு எழுத நேரிடும்' என்று முடித்திருக்கிறார். வராத ஆபீசரை மிரட்டி வரவழைத்த ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

புதன்கிழமை வருகிறோம் என்று எனக்குப் போன் வந்தது.

"சும்மா கெடந்த ஆபீசர ஏன்யா சொரண்டி விட்டீக?" என்று கத்தினேன்.

"வரட்டும் மதினி. பாத்துக் குடுத்தாத்தான் அது லைசென்சு. பாக்காமக் குடுத்தா அது நோட்டீசு."

புதன்கிழமை காலையில் டைல்சை மூன்று தடவை தேய்த்துக் கழுவி, ஆபீசருக்கென்று ஒரு கேக்கைச் சுட்டு மேசையில் ஆறவைத்தேன். வாசலில் மணிச் சத்தம். பால்காரர் வீட்டுப் பசுவையும் கன்றையும் குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு ஓட்டி வந்து நிற்கிறார் பெட்டிசன்.

"புது அடுப்படி. மாடு கன்னு நொழையாம ஆபீசர் நொழையலாமா மதினி?"

முதலில் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். மாலையும் கழுத்துமாக வாசலுக்கு வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. "சரி, ஒரு எட்டு வச்சிட்டுப் போகட்டும்" என்றேன்.

லட்சுமி ஒரு எட்டோடு நிற்கவில்லை. நேரே மேசைக்குப் போய்க் கேக்கைத் தாளோடு தின்றது. திரும்ப இடமில்லாமல் நின்றது. பிறகு வாலைத் தூக்கியது. அந்த நேரம் பார்த்துத் தலையில் தொப்பியும் கையில் ரப்பர் உறையுமாக உள்ளே வந்தார் ஆபீசரம்மா.

"என்ன இது?"

"பசும்மா" என்றார் பெட்டிசன்.

"தெரியுது. இங்க என்ன பண்ணுது?"

"கேக்குத் தின்னுச்சு. ஒரு கொறையும் சொல்லல பாருங்க."

ஆபீசரம்மா சிரிக்கவில்லை. "மாட்ட உள்ள விட்டது யாரு?" என்றார். நான் அவசரமாகத் துடைப்பத்தைத் தேடினேன். "அடுத்த வாரம் ஆபீசுக்கு வந்து விளக்கம் சொல்லுங்க. அப்புறந்தான் மத்தது" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கிறிஸ்மசுக்கு மூன்று வாரந்தான் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, "நீங்களும் ஒங்க மனுவும்! இனி இந்த வாசப்படி மிதிச்சீகன்னா நடக்குறதே வேற" என்று கத்தினேன். மனுசன் மாட்டையும் கன்றையும் பிடித்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் தேனிக்குப் பஸ் ஏறினேன். ஆபீசரம்மா என்னைப் பார்த்ததும், "விளக்கந்தான் வந்துருச்சே" என்று ஒரு தாளை எடுத்து வாசித்தார்.

'அம்மாள் கூடாதென்று தடுத்தும் கேளாமல் மாட்டைப் பலவந்தமாக உள்ளே விட்டவன் நான். தவறு முழுதும் என்னுடையது. அவருக்கு லைசென்ஸ் மறுக்க வேண்டாம்.'

அவ்வளவுதான். ஒன்பது பக்கம் எழுதுகிற ஆள்!

"நீங்க தடுத்தீங்களா?" என்று கேட்டார் ஆபீசரம்மா.

தலையை ஆட்டியிருந்தால் வேலை முடிந்திருக்கும். எனக்கு அது ஆகவில்லை. "இல்லம்மா. ஒரு எட்டு வைக்கட்டும்னு நாந்தான் சொன்னேன். அந்த மனுசன் பொய் எழுதியிருக்காக."

அப்போதுதான் ஆபீசரம்மா சிரித்தார். "மாடு திரும்ப வருமா?"

"கன்னுக்குட்டிகூட வராது."

மருந்து போட்டுக் கழுவின அடுப்படியை மறுபடி வந்து பார்த்தார். கிறிஸ்மசுக்குப் பத்து நாள் முன்னால் நம்பர் வந்தது. ராயப்பன்பட்டிக்கு ஏற்றுவதற்கு முன்னால் முதல் கேக்கை எடுத்துக்கொண்டு பெட்டிசன் வீட்டுக்குப் போனேன்.

"ஏன்யா பொய் எழுதினீக?"

அவர் கேக்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் மென்றார். "திராட்சை ஒரு கை கொறச்சல் மதினி. எழுதித் தரவா?"

இப்போது அந்த லைசென்சைப் புதுப்பிக்கவேண்டும். பெட்டிசன் திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். தை பிறந்துதான் வருவாராம். கடைக்காரத் தம்பி அவசரப்படுத்துகிறார். நாள் இருக்கிறது, அவர் வரட்டும் என்று நான் உட்கார்ந்திருக்கிறேன்.