காலமான ஜலால் ஒட்டிய லேபிள்

அலெக்ஸாந்திரியா,
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய அக்கா நக்லா அவர்களுக்கு,

தம்பி ஷுக்ரி சலாம் கூறி எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் நான் நலம். உன் முழங்கால் வலியும் மகள் ரவானின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஜலால் அத்தான் மண்ணறையில் நிம்மதியாக இருக்கிறார் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உன் தெருவில் பேசிக்கொள்வது உண்மைதான் அக்கா. அவரை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பதறாதே, உட்கார்ந்து படி. ரொட்டிக் கடைகளில் ரேஷன் அட்டையைத் தேய்க்கும் மெஷினுக்கு நாங்கள்தான் புரோகிராம் எழுதுகிறோம் என்பது உனக்குத் தெரியும். என்ன மாற்றி எழுதினாலும் கணினி அதை ஒரு பொட்டலமாகக் கட்டி வைக்கும், அதற்குப் பெயர் பில்டு. அதன்மேல் நாங்கள் லேபிள் ஒட்ட வேண்டும். ‘வைத்திரு’ என்று ஒட்டினால் பத்திரமாக இருக்கும், எதுவும் ஒட்டாவிட்டால் கணினியே சில நாளில் கூட்டித் தள்ளிவிடும். ‘வெளியே அனுப்பு’ என்று ஒட்டினால் நேரே கடைகளுக்குப் போய்விடும், ஒட்டியவர் பெயரும் பதிந்து கடை மெஷின் வரை தெரியும். அத்தான் இருந்தவரை அவரே ஒட்டினார், ஏதாவது கெட்டால் அவரே திட்டு வாங்கினார், உன்னிடம் மூச்சு விடாமல் வந்து சாப்பிட்டுப் படுத்தார். அவரை அடக்கம் செய்த மறுவாரம் எங்கள் மேலாளர் தர்வத் பே வந்து, “இனிமே யாருப்பா ஒட்டப்போறீங்க?” என்றார். “எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல சார்,” என்றாள் என் பக்கத்து மேசை இனாஸ். “எனக்கு ஆயிடுச்சு சார், மூணு புள்ளைங்க,” என்றேன் நான். “நீங்களே ஒட்டலாமே சார்?” என்றாள் அவள். “நான் ஒட்டினா அப்புறம் உங்களை யாரும்மா திட்டுறது?” என்றார் அவர். அத்தானின் கணினிக் கணக்கை மூட அத்தானே ஒப்புதல் தர வேண்டும் என்பது விதி, அதனால் அது திறந்தே கிடந்தது. கடவுச்சொல் உன் பெயர்தான், ஆபீஸில் அது தெரியாதவர் இல்லை. அல்லாஹ் அவருக்குக் கருணை காட்டட்டும் என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொரு நாள் அவர் பெயரில் ஒட்ட ஆரம்பித்தோம். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத ஊழியர் என்று கெய்ரோ தலைமை அலுவலகம் போன மாதம் அவரைப் பாராட்டியது.

திங்கட்கிழமை போன பில்டில் ஒரு தப்பு. இறந்தவர்களை அட்டையிலிருந்து நீக்க வேண்டியது, இருப்பவர்களையும் நீக்கிவிட்டது. அட்டையைத் தேய்த்தால் ‘இவர் காலமாகிவிட்டார்’ என்கிறது மெஷின். பக்கோஸ் பகுதியில் ஒரு கிழவர் ரொட்டிக்காரன் சட்டையைப் பிடித்து, “நான் செத்துட்டேனா? செத்தவன் புடிக்கிற புடியாடா இது?” என்று உலுக்கினாராம். சரி, பழைய நல்ல பில்டை அனுப்பிவிடலாம் என்று தேடினால் காணோம். ‘வைத்திரு’ ஒட்டுவது அத்தானின் பழக்கம். அவர் பெயரை எடுத்துக்கொண்ட எங்களுக்கு அவர் பழக்கம் வரவில்லை. ஜனம் இன்றுவரை ரொட்டியில்லாமல் ஃபூல் பயறைக் கரண்டியால் தின்கிறது. தள்ளுமுள்ளில் உன் பக்கத்து வீட்டு உம்மு வாயிலுக்குக் கை முறிந்துவிட்டது.

விசாரணை அதிகாரி, “யாரு இந்த ஜலால்?” என்று கேட்டார். “ரொம்பப் பொறுப்பான ஆளு சார், இப்ப இங்க இல்ல,” என்றார் தர்வத் பே. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. விசாரணை முடியும்வரை ஜலாலின் கணக்கை யாரும் மூடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார் அதிகாரி. அத்தான் இறந்துவிட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் ஒட்டியது யார் என்பதுதானே. “அவருக்கு என்னப்பா நஷ்டம்? புடிச்சு உள்ளயா போடப்போறாங்க?” என்று தர்வத் பே என் தோளைத் தட்டினார்.

நஷ்டம் உனக்கு அக்கா. வரிசையில் உன்னைப் பார்த்து, “போகும்போது ஊர் வயித்துல அடிச்சிட்டுப் போனானே, அவன் பொண்டாட்டி வந்துட்டா பாரு!” என்று உம்மு வாயில் காறித் துப்பினாளாம். ரவான் போனில் அழுதாள். “அப்பா அப்படிச் செய்வாரா மாமா?” என்று கேட்டாள். திங்கட்கிழமை என் முறை அக்கா. ஒட்டியவன் நான். வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை அதிகாரி முன் போய் நின்று என் பெயரைச் சொல்லப்போகிறேன். வேலை போனால் போகட்டும், தர்வத் பே குதித்தால் குதிக்கட்டும். அத்தான் பெயரில் ஒரு தூசிகூட இருக்கக் கூடாது. நீ தலை நிமிர்ந்து வரிசையில் நில்.

ரவானுக்கு என் முத்தங்கள், உன் மாமியாருக்கு என் சலாம். உன் வீட்டில் வயிறும் மனமும் நிறைந்திருக்க இறைவன் அருளட்டும்.

உன் அன்புத் தம்பி,
ஷுக்ரி

பி.கு.: உறையை மூடும்போது தர்வத் பே கூப்பிட்டார். சரிசெய்த பில்டு தயாராகிவிட்டதாம், அது ஒழுங்காக ஓடுமா என்று யாருக்கும் நிச்சயமில்லையாம், ஒட்ட ஆள் வேண்டுமாம். இனாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊர் பசியோடு இருக்கிறதே என்று நானே ஒட்டிவிட்டேன் அக்கா, அத்தான் பெயரில்தான். ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைப் பிறகு பார்க்கலாம். நாளை ரொட்டி கிடைத்தால் அவருக்காக துஆ செய். கிடைக்காவிட்டால் ரவானை வெளியே அனுப்பாதே.