கண்டெடுக்கத் தடை

கல்லாரா நகராட்சி வருகையாளர்களை அன்புடன் வரவேற்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. அதன் பொருட்டு, ஈக்களையும் கங்காருக்களையும் தவிர வேறு வாசகர்கள் இல்லாத நெடுஞ்சாலை ஓரங்களில்கூடப் பலகைகள் நிறுத்தப்பட்டிருந்தன. "கடல் வற்றிய பூமி. வாருங்கள், தேடுங்கள், கண்டெடுங்கள்" என்றன அவை. ஊர் எல்லையில் ஒரு பிளாஸ்டிக் ராட்சதப் பல்லி, டைனோசர் ஜாதி, நாலு காலில் நின்றது. கல்லாரா மண்ணில் கிடைப்பதெல்லாம் பல கோடி வருஷங்களுக்கு முன் கடலில் நீந்திய ஜந்துக்களின் கல்லாகிப்போன எலும்புகள். அவற்றுக்குக் காலே கிடையாது. ஆனால் சிலைக் கம்பெனியில் கால் வைத்ததுதான் கைவசம் இருந்தது. சுற்று வட்டாரத்தில் ஊருக்கு ஒரு பல்லி நின்றுவிட்ட பிறகு கல்லாரா மட்டும் வெறுமனே இருக்க முடியுமா?

வெர்னா டிரான்டர் அந்தப் பலகைகளை ஒன்று விடாமல் கணவருக்குப் படித்துக் காட்டியபடியே வண்டி ஓட்டி வந்தாள். பின்னால் அவர்களுடைய கேரவன் ஆடிக்கொண்டு வந்தது. நோயலால் படிக்க முடியாது. அவர் பார்வையின் நடுவில் புகைபோல ஒரு புள்ளி விழுந்து, மெல்ல அகலமாகிக்கொண்டிருந்தது. வாரமெல்லாம் பாலராட் நகரத்தில் குழாய் வேலையும் ஞாயிற்றுக்கிழமைகளில் கல் பொறுக்குவதுமாக ஆயுசைக் கழித்தவர் அவர். கல்லாகிப்போன சிப்பி அகப்பட்டிருக்கிறது, இலைத்தடம் அகப்பட்டிருக்கிறது. எலும்பு மட்டும் அகப்படவே இல்லை. "முழுசா இருட்டறதுக்குள்ள ஒரு எலும்பு, என் கையால" என்று அவர் சொன்ன மறுநாளே வெர்னா கேரவனைத் தூசி தட்டிவிட்டாள்.

தகவல் மையத்தில் டாரல் இருந்தான். பல்லி படம் போட்ட சட்டை, சிரித்த முகம். வெர்னா தங்கள் பெயர்களைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"எலும்பு தேட வந்திருக்கோம். எங்க போனா கிடைக்கும்?"

"அதை நான் சொல்லக்கூடாது, வெர்னா." அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முடியாது என்று சொல்ல அது வசதியாக இருந்தது.

"ஏன் சொல்லக்கூடாது?"

"சொன்னா நீங்க அங்க போயிடுவீங்க."

"போறதுக்குத்தானே கேக்கறேன்."

"போனா கிடைச்சுடும். கிடைச்சா எடுத்துடுவீங்க. ஆளாளுக்கு எடுத்துட்டா, வர்றவங்களுக்குச் சொல்ல எங்ககிட்ட என்ன இருக்கும்?"

"இப்ப மட்டும் என்ன சொல்றீங்க?"

"இப்பவும் சொல்றதில்லதான். ஆனா சொல்லாம வெக்கறதுக்கு ஒண்ணு இருக்குல்ல?"

வெர்னா மூச்சை இழுத்து விட்டாள். டாரல் இரக்கப்பட்டு ஒரு வரைபடத்தை விரித்தான். வருகையாளர்களுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட தேடுதல் திடல் ஒன்று இருக்கிறதாம், கழிவுநீர்க் குட்டைக்குப் பின்னால்.

"அங்க எலும்பு இருக்கா?"

"இல்லன்னு நிபுணர் குழு சான்று குடுத்திருக்கு. இருந்திருந்தா அனுமதியே கிடைச்சிருக்காது."

அதுவரை சும்மா இருந்த நோயல் வாயைத் திறந்தார். "அப்ப, இல்லாத இடத்துல தேடச் சொல்றே."

"தாராளமாத் தேடலாம், நோயல். தேடறதுக்கு ஒரு தடையும் இல்ல. கண்டெடுக்கறதுதான் சட்டச் சிக்கல்."

"பலகைல கண்டெடுங்கள்னு போட்டிருக்கே?"

"அது விளம்பரப் பிரிவு. எங்களுக்கும் அவங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

திடலில் கூட்டமாக இருந்தது. நாடெங்கிலுமிருந்து கேரவனில் வந்தவர்கள், தகவல் மையத்தில் விற்கிற ஒரே மாதிரித் தொப்பியும் முட்டி மெத்தையும் அணிந்து மண்டியிட்டு, ஒட்டகமயிர்த் தூரிகையால் மண்ணைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவரிடம் வெர்னா பேச்சுக் கொடுத்தாள். லெஸ்டர் என்று பெயர். அடிலெய்டில் பாங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் வருகிறாராம்.

"என்ன கிடைச்சுது?"

லெஸ்டர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்க இன்னும் அந்தக் கட்டத்துலயே இருக்கீங்களா? கிடைக்கணும்னு நினைக்கறதெல்லாம் போன தலைமுறை. இப்ப நாங்க சும்மா தேடறோம். மூச்சைக் கவனிச்சுக்கிட்டே தேடறோம். என் ரத்த அழுத்தம் எவ்வளவு இறங்கியிருக்குன்னு கேளுங்க."

வெர்னா கேட்கவில்லை. நோயலின் கையைப் பிடித்து வண்டிக்கு அழைத்துப் போனாள். "மூச்சைக் கவனிக்கறதுன்னா வீட்டுலயே கவனிச்சிருக்கலாமே. டீசலாவது மிச்சமாயிருக்கும்." அவளுடைய ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. டாரலை ஒரு பிடி பிடிக்காமல் விடுவதில்லை என்று நேரே தகவல் மையத்துக்கு ஓட்டினாள்.

வாகன நிறுத்தத்தில் இறங்கும்போது நோயலின் மூக்குக்கண்ணாடி நழுவிச் சரளையில் விழுந்தது. அவர் குனிந்து துழாவினார். சுவருக்குள் கண்ணில் படாத குழாயின் மரையைத் தடவியே கண்டுபிடித்துப் பழகிய விரல்கள் அவை. துழாவிய கை சட்டென்று நின்றது.

"வெர்னா, இங்க வா."

"கண்ணாடி உடைஞ்சுடுச்சா?"

"கண்ணாடி கிடக்கட்டும். இதைப் பாரு. பிஸ்கட் மாதிரி வட்டம். ரெண்டு பக்கமும் குழி. இது கல்லு இல்ல."

அவள் பார்த்தாள். படத்தில் எத்தனையோ முறை பார்த்த கடல் ஜந்துவின் முதுகெலும்புக் கண்ணி, அட்சரம் பிசகாமல். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. டாரலைத் திட்ட வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

கீழே பார்த்தால் இன்னொன்று கிடந்தது. டயருக்கு அடியில் ஒன்று. குப்பைத்தொட்டி ஓரம் வரிசையாக நாலைந்து.

டாரல் வாசலுக்கு வந்து நின்றான். "இங்க தேட அனுமதி இல்லையே, நோயல்."

"தேடல. என் கண்ணாடியத்தான் தேடினேன்."

"அப்பத் தேடியிருக்கீங்க."

தகவல் மேலே போயிற்று. பாரம்பரியப் பாதுகாப்பு மேலாளர் லியோனி மஞ்சள் நாடாவுடன் விரைந்து வந்து, மேற்படி வாகன நிறுத்தம் உடனடியாகப் பாதுகாக்கப்பட்ட இடம் என்று அறிவித்தாள். யாரும் மிதிக்கக் கூடாது. டிரான்டர் தம்பதியின் வண்டி எலும்பின் மேல் நிற்பதால் நகர்த்தக் கூடாது. தகவல் மையத்தின் ஒரே கதவு அந்தப் பக்கம்தான் திறக்கும் என்பதால் டாரல் வெளியே வரக் கூடாது. அறிவித்து முடித்ததும்தான், தானும் நடுச் சரளையில் நிற்பது அவளுக்கு உறைத்தது. நடப்பதற்கு மரப்பலகை கொண்டுவந்து போடும்வரை, மறுகால் ஊன்றாமல், கொக்கு மாதிரி நின்றாள்.

"இந்தச் சரளை எங்கிருந்து வந்துது?" என்று நின்றபடியே கேட்டாள்.

"மேற்கால இருக்கற குழிலேர்ந்து. ஊர்ல எல்லா ரோட்டுக்கும் அதேதான்" என்றான் டாரல், ஜன்னல் வழியாக.

சட்டம் எல்லோருக்கும் சமம். பள்ளிக்கூடத்துச் சாலை மூடப்பட்டது. ஆஸ்பத்திரிச் சாலை மூடப்பட்டது. அதுவரை யாரும் பெரிதாக முணுமுணுக்கவில்லை. மதுக்கடைக்குப் போகும் பாதையும் அதே சரளைதான் என்று தெரிந்தபோதுதான் நிலைமையின் தீவிரம் நகராட்சிக்குப் புரிந்தது.

மறுநாள் வாகன நிறுத்தத்திலேயே, பலகைகளின் மேல் நாற்காலி போட்டு, அவசரக் கூட்டம் நடந்தது. இரவைக் கேரவனிலேயே கழித்திருந்த வெர்னாவும் நோயலும் வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி கேட்டார்கள். சாலைகளைத் திறக்க ஒரே வழிதான் இருந்தது: இங்கே எலும்பு இல்லை என்று ஆக வேண்டும். நிபுணர் குழு சான்று தரத் தயார். கண்டெடுத்தவர் ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

லியோனி பலகை மேல் நடந்து வந்தாள். "நோயல், உங்க கையில இருக்கறது எலும்புன்னா, அது அரசாங்கச் சொத்து. தலைநகர்ல பெட்டியில போட்டு கிடங்குல வெச்சுடுவாங்க. ஆள் பற்றாக்குறை. உங்க பேரன் காலத்துல யாராவது திறந்து பார்ப்பாங்க."

"கல்லுன்னா?"

"கல்லை எடுத்துட்டுப் போக யாருக்கும் தடை இல்ல."

நோயல் அதைக் கட்டைவிரலால் வருடினார். குழியில் ஒருமுறை, விளிம்பில் ஒருமுறை. 'இது எலும்பு' என்று நாலு பேர் முன்னால் சொல்ல ஆயுசெல்லாம் காத்திருந்த மனுஷன். வேண்டாம், கொடுத்துவிடு, உண்மையைச் சொல்லிவிட்டுப் போவோம் என்று சொல்ல வெர்னா வாயெடுத்தாள்.

"நல்லாத் தடவிப் பார்த்துட்டேன்" என்றார் நோயல். "சாதாரணக் கல்லு."

எல்லோரும் கைதட்டினார்கள். மதுக்கடைக்காரர்தான் பலமாகத் தட்டினார். நோயல் கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

எலும்பு இல்லை என்று சான்று பெற்ற இடம் எதுவோ அதுவே தேடுவதற்கு உகந்த இடம் என்பது விதி. ஆகவே வாகன நிறுத்தம் அன்றைக்கே தேடுதல் திடலாக அங்கீகரிக்கப்பட்டது. லெஸ்டரும் மற்றவர்களும் முட்டி மெத்தைகளோடு வந்து மண்டியிட்டார்கள். தேநீர் வேளைக்குள் எல்லோர் கையிலும் எலும்பு இருந்தது. ஒரு பெண்மணி தூரிகையை வீசிவிட்டு அழுதாள்.

"இது தேடலே இல்ல" என்றார் லெஸ்டர். "குனிஞ்சாக் கிடைக்குது. மூச்சு விடவே நேரம் இல்ல." பொழுது சாய்வதற்குள் கேரவன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊரைவிட்டுப் போய்விட்டன. வருகையாளர் எண்ணிக்கை சரிந்ததைக் கண்டு கவலையுற்ற நகராட்சி, வாகன நிறுத்தம் முழுவதற்கும் தார் போட ஏகமனதாகத் தீர்மானித்தது.

மறுநாள் டிரான்டர் தம்பதியும் கிளம்பினார்கள். அடுத்த ஊரான டன்பாரோவின் திடலில் லெஸ்டர் கூட்டம் மொத்தமும் நிம்மதியாக மண்டியிட்டிருந்தது. அவர் கையசைத்துக் கூப்பிட்டார்.

"இங்க எப்படி?" என்றாள் வெர்னா.

"ஒண்ணுமே கிடையாது. ஆழம்வரைக்கும் பார்த்து உத்தரவாதம் குடுத்திருக்காங்க."

மாலை வெயில் இதமாக இருந்தது. யாரோ ஆட்டிறைச்சி சுடும் வாசனை வந்தது. நோயலுக்கு மடக்கு நாற்காலியை விரித்துக் கொடுத்துவிட்டு, பக்கத்துப் பெண்மணி நீட்டிய முட்டி மெத்தையை வாங்கி வெர்னா மண்டியிட்டாள். தூரிகையால் மண்ணை ஒருமுறை தடவினாள். உண்மையில் மோசமில்லை.

திரும்பிப் பார்த்தால், நோயல் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டிருந்தார்.

"உள்ள வை, நோயல்" என்றாள் வெர்னா, அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி. "யார் கண்ணுலயாவது பட்டா மனசு கஷ்டப்படும்."