பஸ்ரா ஜெனரல் மடை பிடித்த கதை

அன்று மேலூர் மடைக்குப் படையெடுத்துப் போனது பஸ்ரா ஜெனரல், சமையல்கார சங்கரன் அண்ணாச்சி, நான், இரண்டு வண்டிமாடுகள். ஆனால் ஜெர்மன் சண்டையில் எந்தத் தளபதியும் எங்கள் ஜெனரலைப் போல் ஜெயித்ததில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

பஸ்ராவில் சுபேதாராக நின்று சண்டை போட்டுப் பதக்கத்தோடு திரும்பியவர். ஜெனரலாக உயர்த்தியது எங்கள் ஊர்தான். ஆற்றில் குளிக்கப் போனாலும் முதலில் கரையில் குப்புறப் படுத்து அக்கரையை நோட்டம் பார்ப்பார். வண்ணார்பேட்டைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனால் திரும்புவது வேறு வழியில்தான். "போன வழியிலேயே வாறவன் பொணமாத்தாம்லே வருவான்!" கத்தரிக்காய் வாடித்தான் வந்து சேரும்.

அந்த வருஷம் பிசானப் பருவத்து நெல் கதிர் தள்ளப் பொதி கட்டும் நேரம். எங்கள் முறைத் தண்ணீரை மேலூர்க்காரர்கள் மறித்துவிட்டார்கள். மடையில் இருபது பேர், கையில் கம்பு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்த ஒரு வயல்தான் பிழைப்பு. அது காய்ந்து வெடித்துக் கிடந்தது.

"மண்டைய ஒடைச்சுப்புடுவானுவ, ஜெனரல்!" என்றேன்.

"கம்பு தூக்கிட்டுப் போனாத்தான ஒடைப்பான்? நாம சொதி தூக்கிட்டுப் போவோம்லே."

அண்ணாச்சி அண்டா நிறையத் தேங்காய்ப்பால் குழம்பாகச் சொதி வைக்க, வண்டியில் ஏற்றிக்கொண்டு மடைக்குப் போனோம். சமாதான விருந்து என்றதும் மேலூர்ப் பண்ணையார் மீசையைத் தடவினார். "வெசம் கிசம் வச்சிருக்கீரா வே?"

ஜெனரல் முதல் இலையில் தானே உட்கார்ந்து மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்த்ததும் இருபது பேருக்கும் விஷக்கவலை போய், மிஞ்சுமா என்ற கவலை பிடித்துக்கொண்டது.

கெட்டித் தேங்காய்ப்பால். பாதியில் பண்ணையார் நிமிர்ந்தார். "இஞ்சித் துவையல எங்க வே காணும்?"

சொதிக்குத் துணையாக இஞ்சித் துவையல் இல்லாவிட்டால், தின்றது கல்லாய்க் கிடந்து கண் தானாகச் செருகும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"அண்ணாச்சி மறந்துட்டாரு, என்ன செய்ய?" என்றார் ஜெனரல், முகம் மாறாமல். "பரவால்ல, இன்னொரு கரண்டி ஊத்தும்." சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி, மடியில் இருந்த இஞ்சித் துண்டை எடுத்து மென்றார்.

சற்று நேரத்தில் மருதமரத்தடி முழுக்கக் குறட்டை. பண்ணையார் மட்டும் மடைப் பலகைமேலேயே சாய்ந்துவிட்டார். "பைய... பைய..." என்று மூன்று பேருமாக அவரைத் தூக்கிக் கரையில் கிடத்தினோம். அவசரத்தில் நான் அவர் தலையை மாட்டின் காலடியில் வைக்கப் பார்த்தேன்.

பலகையை உருவினோம். தண்ணீர் பாய்ந்தது! அதோடு கூடவே ஓடினேன். சாயங்காலத்துக்குள் என் வயல் வரப்பு தட்ட நிறைந்தது. அன்றிலிருந்து மேலூரில் யாரும் துவையல் வராமல் சொதியில் கை வைப்பதில்லை.

"ஜெயிச்சிட்டோம் ஜெனரல்!" என்று கத்திக்கொண்டே மடைக்குத் திரும்பினேன். சாய்வெயில் பண்ணையாரின் முகத்தில் விழாதபடி, தன் தலைப்பாகையை அவிழ்த்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தார் அவர்.

"கத்தாதலே. பாவம், தூங்குதாரு."