வருதா சாரும் கொத்தமல்லிப் பச்சையும்

எரிகிற விளக்கைச் சந்தேகப்படும் ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் வருதா சார்தான். குரோம்பேட்டை சிக்னலில் பச்சை விழுந்தால் எல்லோரும் பறப்பார்கள். அவர் மட்டும் அது ஒருமுறை அணைந்து மறுபடி எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார். பின்னால் நிற்கிற பஸ் டிரைவர் அவருடைய பரம்பரையையே விசாரிப்பார். சார் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினால் உள்ளே விளக்கு நிஜமாகவே அணைகிறதா என்று பார்க்க, செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்துச் சாத்தினவர். அந்த வீடியோவை ஆபீசில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். முழுக்க இருட்டு. அவருடைய அக்கா வெளியிலிருந்து திட்டுவது மட்டும் தெளிவாகக் கேட்டது.

பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குக் கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்துத் தரும் எங்கள் அஸ்தினாபுரம் ஆபீசில் கம்ப்யூட்டர், ஒயர், யு.பி.எஸ். எல்லாம் அவர் பொறுப்பு. எதைச் சரிசெய்தாலும் போனில் "வருதா?" என்று கத்துவார். அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும்.

வேலை பெருகி, தெருக்கோடியில் இன்னொரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்தார்கள். இங்கே முடித்த பக்கங்களைப் பென் டிரைவில் போட்டு அங்கே கொண்டுபோகிற வேலை மெர்சி அக்காவுக்கு. கீழ்க்கட்டளையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். இரண்டு பக்கமும் மாடிப்படி, நடுவில் வெயில். முட்டி வீங்கிவிட்டது. மேனேஜர் மனமிரங்கி, தெருவுக்கு மேலாக ஃபைபர் கேபிள் இழுத்து, இரண்டு முனைக்கும் ஒரு ஜோடி மோடம் வாங்க அனுமதித்தார். லைன் வந்துவிட்டால் அக்காவுக்குக் கீழே ரிசப்ஷனில் உட்கார்ந்து பார்க்கிற வேலை.

"இந்த மாசத்துக்குள்ள லைன் வர்லன்னா நான் நின்னுக்கறேன் சார். முட்டி பேஜார் பண்ணுது" என்றார் அக்கா. அவர் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா வேலையிலிருந்து நின்றால் மகள் படிப்பும் நின்றுவிடும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மோடம் இரண்டும் வந்தன. டிபன் பாக்ஸ் அளவுதான். வருதா சார் இரண்டையும் தன் மேஜையில் அக்கம்பக்கமாக வைத்து, நடுவே ஒரு முழ ஃபைபர் ஒயரை மாட்டி, கரண்ட் கொடுத்தார்.

"பிரிச்சு அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டும் முகம் பாத்துப் பழகணும். இதோட வாய் அதோட காதுல இருக்கணும், அதோட வாய் இதோட காதுல" என்றார்.

"எங்க வூட்டுல ரெண்டு பேருக்கும் வாய் மட்டுந்தான் சார் கீது" என்றார் மெர்சி அக்கா.

பச்சை விளக்கு எரிந்தது. நாங்கள் கைதட்டினோம். சார் ஒயரைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது. மறுபடி மாட்டினார்.

"எரியறது பெரிய விஷயம் இல்ல. எடுத்தா அணையணும். அப்பதான் அது நிஜமான கனெக்‌ஷன்" என்றார்.

இந்தச் சோதனை அன்றோடு முடியவில்லை. ஃபேன் ஓடும்போது ஒருமுறை, ஓடாதபோது ஒருமுறை. கரண்ட் போனால் யு.பி.எஸ்.ஸில் ஒருமுறை. கரண்ட் போகாத நாளில் போகும்வரை காத்திருந்தார். ஒரு வாரம் மோடங்கள் தேனிலவு கொண்டாடின, அக்கா பென் டிரைவோடு படியேறினார். மாதம் முடியப் போகிறதே என்று நான் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாக நாள் குறித்தார். புதுக் கட்டடத்தில் அவர். இங்கே ரிசப்ஷன் அலமாரி அருகே நானும் அக்காவும். போன் வந்தது.

"வருதா?"

"எதுல சார் பாக்கணும்?" என்றேன்.

"மோடத்துல பாருங்க!"

"மோடம் எங்க சார்?"

அந்தப் பக்கம் பையைத் துழாவுகிற சத்தம். பிறகு "ஐயையோ" என்று மெல்லிய குரல். ஒரு வாரம் ஜோடியாகவே பார்த்துப் பழகியவர், இரண்டையும் ஒரே பையில் போட்டு அங்கேயே தூக்கிப் போய்விட்டார்.

நான் கிளம்புவதற்குள் அக்கா செருப்பை மாட்டிவிட்டார். நொண்டிக்கொண்டே போய், ஒரு மோடத்தை முந்தானையில் சுற்றி எடுத்துவந்து அலமாரியில் வைத்தார். "இதான் நான் தூக்கற கடைசி சரக்கு, சொல்ட்டேன்!" என்று போனைப் பிடுங்கிக்கொண்டார். நான் கேபிளை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். ஒரு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் விளக்கு வந்தது.

"பச்ச வந்துச்சு சார்!"

"பச்சைன்னா எந்தப் பச்சை மெர்சிம்மா?"

"கொத்தமல்லிப் பச்ச!"

"கண்ணடிக்குதா?"

"என்னிய பாத்து அது எதுக்கு சார் கண்ணடிக்கணும்? கம்முனு நின்னுகினு கீது."

"சரி, இரு." அவர் அங்கே ஒயரை எடுத்தார்.

"போச்சு சார்! பூட்ச்சு!" அக்கா அழுதேவிட்டார்.

"சந்தோஷம்! போகணும்! அதான் வேணும்!" என்று போனில் குதித்தார் அவர்.

அக்கா ரிசப்ஷனில் உட்கார்ந்தார். மகள் படிப்பை முடித்தாள். வருதா சார் மட்டும் தினமும் டீ வருகிற நேரத்துக்குப் புதுக் கட்டடத்திலிருந்து போன் செய்தார். "மெர்சிம்மா, வருதா?" லைன் ஒருநாளும் கெட்டதில்லை. அக்கா திரும்பிப் பார்த்து, "கொத்தமல்லிப் பச்ச சார், நின்னுகினு கீது" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

அவர் ஓய்வு பெற்று, தன் கூடப்பிறந்த அக்காவோடு கோவளத்துக்குக் குடிபோனார். போன் நிற்கவில்லை. பிறகு எங்கள் ஆட்கள் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பிக்க, தெருக்கோடிக் கட்டடத்தைக் காலி செய்தார்கள். கேபிளையும் கழற்றினார்கள். மோடம் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. கரண்டே இல்லை. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்பார். அக்காவும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

போன மாதம் ஒருநாள் டீ வந்தது, போன் வரவில்லை. அக்கா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார், லைன் இருக்கிறதா என்று. நான் ஏதோ வேலையாக வந்தவன்போல ரிசப்ஷனிலேயே நின்றேன். கடைசியில் அக்காவே நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினார்.

"சார்! இன்னா ஆச்சு? லைட்டே வர்ல?"

கடல் காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல மெர்சிம்மா. டெஸ்ட் பண்ணேன்."

"இன்னா டெஸ்ட்டு?"

"இங்க எடுத்தா அங்க அணையுதான்னு பாத்தேன்."

"உன் டெஸ்ட்டுல தீய வெய்யி!" என்று அக்கா போட்ட சத்தத்தில் மாடியிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "எனுக்கு உசுரே பூட்ச்சு சார்! நாளைக்கு ஒழுங்கா போன் வரணும்!" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் அவர் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

என் டீ தொடாமலே ஆறிக் கிடந்தது. எனக்கும் அணைந்துதான் போயிருந்தது என்பதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி டெஸ்ட் பண்ணுவார். இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது.