பக்கத்து வீட்டு ஆட்சேபணை

தஞ்சாவூரில் சூரியன் உதிப்பதென்றாலும் எங்கள் தெரு ‘ஆட்சேபணை’யிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உதிக்க வேண்டும். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்து, லோடு லோடாக நெல்லைத் திருப்பி அனுப்பி ஓய்வு பெற்றவர். அதன்பின் திருப்பி அனுப்ப நெல் இல்லை; நாங்கள் மாட்டினோம்.

மாதா கோயிலில், மூன்று ஞாயிறு அறிவிக்கும் அவருடைய கல்யாண ஓலையை வாசித்து, “தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம்” என்று பாதிரியார் கேட்டபோது, எழுந்து நின்றவர் மாப்பிள்ளையே. “எங்க பங்குக் கோயிலோட பேரைத் தப்பா வாசிச்சிட்டீங்க ஃபாதர். முதல்லேந்து வாசிங்க.” இதை அவர் மனைவி என்னிடம் சொல்லிச் சிரித்தபோது அவரும் பக்கத்தில்தான் இருந்தார். “முதல் ஓலையில இல்ல, ரெண்டாவது ஓலையில” என்று திருத்தினார்.

இவர் வீட்டுச் சுவரை ஒட்டிய அறையில்தான் என் அக்கா பியூட்டி பார்லர் வைக்கப் போனாள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணப் பெண் புக் ஆகிவிட்டாள். அதற்குள் தொழில் உரிமம் வராவிட்டால் பழையபடி ஜவுளிக்கடையில் சேலை மடிக்கப் போ என்று அப்பா சொல்லிவிட்டார். “எல்லாம் ஆன்லைன்க்கா, அரை நாள் வேலை” என்று குதித்தவன் நான். வாடகை ஒப்பந்தம், வரி ரசீது எல்லாம் ஏற்றினேன். ‘பக்கத்து வீட்டாரின் ஆட்சேபணை இல்லாக் கடிதம்’ என்ற இடத்தில் என் விரல் நின்றது.

கடிதம் கேட்டதும் ஆட்சேபணை மூக்குக் கண்ணாடியோடு கடைக்கே வந்துவிட்டார்.

“வெட்டுன முடி எங்கம்மா போவும்?”

“கூட்டித் தள்ளிடுவோம் சார்.”

“எங்க, சாக்கடையிலயா? அது புது ஆத்துக்குப் போவும். ஆத்துலேந்து வாய்க்கா, வாய்க்கால்லேந்து வயலு. நாத்தோட சேந்து சவுரியும் முளைக்கட்டுமா?”

மூடி போட்ட தொட்டி வாங்கினோம். மறுநாள் வந்தார். “கரண்டுல தீப்பிடிச்சா எதை ஊத்துவ, ரோஸ் வாட்டரையா?” தீயணைப்பான் வாங்கினோம். போர்டில் தமிழ் எங்கே என்றார். ஒருத்தருக்குப் போட்ட பிளேடை இன்னொருத்தருக்குப் போடுவாயா என்றார். ப்ளீச் டப்பாக்களைக் கவிழ்த்துக் காலாவதித் தேதி படித்தார். அக்கா படித்த சான்றிதழ் சுவரில் இல்லை என்றார்; மாட்டியதும், கோணல் என்றார்.

அக்காவுக்கு அழுகை முட்டியது. “கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா சார்?”

“மாட்டேன்னு நான் எப்பம்மா சொன்னேன்?”

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கையில் சுகாதார ஆய்வாளர் வந்தார். தொட்டியைத் திறந்தார். தீயணைப்பானைத் தூக்கிப் பார்த்தார். டப்பா டப்பாவாகத் தேதி படித்தார். கேட்பதற்கு ஒரு கேள்விகூட மிச்சமில்லாததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். “பக்கத்து வீட்டு லெட்டர் மட்டும் காணுமே?”

ஆட்சேபணை வாசலில்தான் நின்றிருந்தார். உள்ளே வந்து ஒரு சுற்றுச் சுற்றினார். சான்றிதழை ஒற்றை விரலால் நிமிர்த்தினார். பிறகு பேனாவைத் திறந்து எழுதினார்: ‘இன்று மாலை நாலு மணி வரை ஆட்சேபணை இல்லை.’

ஆய்வாளருக்கு அது போதும்; உரிமம் வந்தது. கல்யாணப் பெண்ணும் வந்தாள்.

இப்போது அக்கா பூதலூரில் இரண்டாவது பார்லர் திறக்கிறாள். அங்கே அக்கம்பக்கம் எல்லோரும் தங்கமானவர்கள். கேட்டவுடன் கையெழுத்துப் போட்டுக் காபியும் கொடுத்தார்கள். விண்ணப்பம்தான் ஏதோ ஒரு குறை என்று மூன்று முறை திரும்பி வந்துவிட்டது.

நேற்று நானே போய் ஆட்சேபணையின் கதவைத் தட்டினேன். நாளைக் காலை பாசஞ்சரில் அவருக்கு ஜன்னலோரச் சீட்டுப் பிடிக்க வேண்டும். எதிர்ப்பக்கம்தான் வேண்டும் என்பார். பூதலூர் வரைக்கும் மாறி மாறி உட்கார நான் தயார்.